தகடு சொல்வதும் இரும்பு சொல்வதும்



போர் என்றால் டாங்கி, விமானம், பீரங்கி என்றுதான் நம் மனம் போகும். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளை நடத்திய தளபதி ஐசனோவர், போர் முடிந்த பிறகு எழுதியபோது, வெற்றிக்கு மிகவும் உதவிய கருவிகள் என்று சிலவற்றைக் குறிப்பிட்டார். அதில் ஜீப் இருந்தது, புல்டோசர் இருந்தது, டக்கோட்டா விமானம் இருந்தது. இரண்டரை டன் லாரியும் இருந்தது. இவற்றில் ஒன்றுகூடச் சண்டை போடுவதற்கென்று செய்யப்பட்டதல்ல. சண்டை போடுகிறவனுக்குச் சோறும் குண்டும் பெட்ரோலும் கொண்டுபோனவை இவை. அந்த இரண்டரை டன் லாரிகளில் மிகுதியாக ஓடிய ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அமெரிக்காவின் ஜி.எம்.சி. நிறுவனம் செய்த சி.சி.கே.டபிள்யூ. என்ற லாரி அது. சிப்பாய்கள் அதை ஜிம்மி என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம்.

1941 முதல் 1945 வரை இந்த லாரி 5.5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. பெரும்பகுதி மிச்சிகன் மாநிலத்துப் பான்டியாக் நகரில். இன்னொரு பகுதி செயின்ட் லூயிஸ் நகரத்துச் செவ்ரோலே ஆலையில். ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 4.4 லிட்டர், ஏறக்குறைய 100 குதிரைத்திறன். முன்னால் ஒரு ஆக்சில், பின்னால் இரண்டு. மூன்றுக்கும் இன்ஜின் விசை போகும். பின்சக்கரங்கள் ஜோடி ஜோடியாக இருப்பதால் டயர் மொத்தம் பத்து. இரண்டரை டன் என்பது சேற்றிலும் மேட்டிலும் போகும்போது ஏற்ற வேண்டிய சுமை. நல்ல சாலையில் அதைவிட மிக அதிகமாக ஏற்றினார்கள்.

எப்படி ஓட்டினார்கள் என்பதும் தெரிய வேண்டும். 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை, நார்மண்டிக் கரையிலிருந்து முன்னேறிக்கொண்டிருந்த படைகளுக்குப் பொருள் கொண்டுபோக ரெட் பால் எக்ஸ்பிரஸ் என்ற லாரிப் பாதை நடந்தது. உச்சத்தில் 6,000 லாரிகளுக்குச் சற்றுக் குறைவாக அதில் ஓடின. ஓட்டுநர்களில் நான்கில் மூன்று பேர் கறுப்பின அமெரிக்கர்கள். வெள்ளையரோடு ஒரே பிரிவில் சேர்ந்து பணிசெய்ய அனுமதிக்காத ஒரு ராணுவத்தில் இருந்துகொண்டு, அந்த ராணுவத்துக்கே சோறு போட்டவர்கள் அவர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். தூக்கமில்லாமல், அளவுக்கு மீறிய பாரத்தோடு ஓட்டினார்கள். வேகத்தைக் கட்டுப்படுத்த இன்ஜினில் வைத்திருந்த கவர்னரை முடக்கிவிட்டுப் பறந்தவர்களும் உண்டு. டயர்கள் வெடித்தன, ஸ்பிரிங் பட்டைகள் முறிந்தன, இன்ஜின்கள் எண்ணெய் வற்றி இறுகின. முடங்கிய லாரியிலிருந்து கழற்றி ஓடும் லாரியில் மாட்டினார்கள். இந்தக் கடைசிச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டு எல்லைக்குள்ளும் இரண்டரை டன் லாரிகள் ஓடின. அசாமின் லேடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனத்துக்குப் போட்ட சாலையில் முதல் வாகன வரிசை 1945 ஜனவரி 12 அன்று புறப்பட்டு, பிப்ரவரி 4 அன்று குன்மிங் போய்ச் சேர்ந்தது.

இன்றைக்கு இந்த லாரிகளைத் தேடி வாங்கி, சீர்செய்து, ஓட்டி வைத்திருப்பவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறையப் பேர். அமெரிக்காவில் இவர்களுக்கென்று ராணுவ வாகனப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று 1976 முதல் இயங்குகிறது. ஜூன் மாதம் நார்மண்டிப் பக்கம் போனால், நேச நாட்டுப் படை அங்கே இறங்கிய நாளின் நினைவாக வரிசை வரிசையாக ஜிம்மிகள் போவதைப் பார்க்கலாம். அப்படி ஒரு லாரி விலைக்கு வரும்போது வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி, இது அசல்தானா என்பது. என் பேச்சின் மையமும் அந்தக் கேள்விதான்.

விற்கிறவர் முதலில் தகட்டைக் காட்டுவார். ஓட்டுநர் அறையில், சாமான் வைக்கும் சிறு அறையின் மூடியில் ஆணி அடித்த உலோகத் தகடுகள் இருக்கும். மாதிரி, வரிசை எண், ராணுவத்திடம் ஒப்படைத்த தேதி எல்லாம் அதில் பொறித்திருக்கும். பார்த்தவுடன் நெஞ்சு நிறையும். ஆனால் அதைக் கடைசியாகத்தான் நம்ப வேண்டும். இதே தகடுகளைப் புதிதாகச் செய்து, எண் இடம் காலியாக விட்டு விற்கிறார்கள். வாங்கி எந்த எண்ணையும் பொறித்துக்கொள்ளலாம்.

எனவே முதலில் சேஸை, அதாவது லாரியின் அடிச்சட்டத்தைப் பாருங்கள். வரிசை எண்ணைச் சட்டத்து இரும்பிலேயே அச்சு அடித்திருப்பார்கள். துருவும் பெயின்ட்டும் ஏறி மறைந்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் போதும். அரவை இயந்திரத்தை அங்கே கொண்டுபோகவே கூடாது. எண் இருக்கும் இடம் சுற்றுப்புறத்தைவிடப் பள்ளமாக, மழுமழுவென்று இருந்தால் யாரோ பழைய எண்ணை அரைத்து அழித்திருக்கிறார்கள். எழுத்துகள் ஒன்றுக்கொன்று உயரம் மாறியிருந்தாலும், பக்கத்தில் வெல்டிங் தடம் தெரிந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது வார்ப்பு இரும்பு. இன்ஜின் பிளாக்கிலும், கியர் பெட்டியிலும், ஆக்சில் ஹவுசிங்கிலும் வார்ப்பு எண்கள் புடைத்து நிற்கும். இந்த லாரியில் இரண்டு வகை ஆக்சில் வந்தது. நடுவில் இரண்டு பாதியாகப் பிரிந்து போல்ட்டில் சேர்வது டிம்கன் நிறுவனத்தின் ஆக்சில். பிரியாத ஒரே ஹவுசிங்கில் கிரவுன் பெட்டியை முன்பக்கமாகச் சொருகி மாட்டுவது பான்ஜோ ஆக்சில். ஒரே லாரியில் ஒன்று அது, ஒன்று இது என்று இருந்தால் கதை எங்கோ மாறியிருக்கிறது.

உடலும் காலத்தைச் சொல்லும். ஆரம்பத்தில் வந்த லாரிகளுக்கு இரும்புக் கூரையோடு மூடிய கேபின். 1943 முதல் இரும்பை மிச்சப்படுத்தவும், கப்பலில் இடம் மிச்சப்படுத்தவும் கேன்வாஸ் கூரை போட்ட திறந்த கேபின் வந்தது. சரக்குத் தொட்டியும் முதலில் இரும்பு, 1942-இல் இரும்புத் தட்டுப்பாட்டால் மரம், பிறகு இரும்புச் சட்டத்தில் மரப்பலகை. ஆகவே திறந்த கேபின் வைத்த ஜிம்மிக்கு, 1942 நவம்பரில் வட ஆப்பிரிக்காவில் இறங்கிய படையின் அடையாளம் எழுதியிருந்தால், அந்தப் பெயின்ட் பொய் சொல்கிறது.

பெயின்ட் உண்மையும் சொல்லும். பானட்டின் பக்கத்தில் ராணுவப் பதிவு எண் இருக்கும். இந்த வகை லாரிகளுக்கு அது 4-இல் தொடங்கும். போரின் முற்பகுதியில் அதை மங்கலான நீலத்தில் எழுதினார்கள், பிறகு வெள்ளையில். மிக நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துப் பொறுமையாகத் தேய்த்தால், மேல் பூச்சு ஒவ்வொன்றாக விலகி, பழைய எண்ணின் நிழல் தெரியும். எண்பது ஆண்டாக யாரும் படிக்காத எண் அது. மணலை வீசிச் சுத்தம் செய்யும் பட்டறைக்கு லாரியை அனுப்பினால் ஒரு பிற்பகலில் அத்தனை சாட்சியும் தூசாகிப் போகும். புதுப் பெயின்ட் அடித்தே தீர வேண்டும் என்றாலும், ஒரு கை அகலமாவது பழைய அடுக்குகளைத் தொடாமல் விட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவும் பார்த்த பிறகு, இன்ஜின் எண்ணும் சேஸ் எண்ணும் வேறு வேறு காலத்தவை என்று தெரியவந்தால் என்ன செய்வது? அசல் இல்லை என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பந்தயக் காருக்கும் பணக்காரரின் சொகுசுக் காருக்கும் பொருந்துகிற அளவுகோலைத் தூக்கி வந்து ராணுவ லாரியின் மேல் வைக்கிறார்கள். இந்த லாரியைப் பெற்ற ராணுவமே அதைக் கலைத்துக் கலைத்துக் கட்டியது. தேய்ந்த இன்ஜினைப் பணிமனை அதே இடத்தில் உட்கார்ந்து சீர்செய்யவில்லை. கழற்றிப் போட்டு, ஏற்கெனவே புதுப்பித்து வைத்திருந்த வேறொன்றை ஏற்றி, லாரியை உடனே வெளியே அனுப்பியது. நீரிலும் நிலத்திலும் ஓடிய டக் வாகனம்கூட இதே இன்ஜினில்தான் ஓடியது, ஆகவே அதன் இன்ஜின் ஒரு ஜிம்மியில் ஏறியிருக்கவும் கூடும். சில லாரிகள் ஆலையிலிருந்து முழு லாரியாகக்கூடப் போகவில்லை. சோவியத் யூனியனுக்குப் போக வேண்டிய அமெரிக்க லாரிகளைப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் ஏற்றி, ஈரானின் அந்திமேஷ்கிலும் கோரம்ஷஹரிலும் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய ஆலைகளில் பூட்டினார்கள். போருக்குப் பிறகு பிரெஞ்சு ராணுவமும் நார்வே ராணுவமும் ஜிம்மிகளைப் பல பத்தாண்டுகள் வைத்திருந்து, திரும்பத் திரும்பப் பிரித்துப் பூட்டின. பிறந்தபடியே இருக்கிற ஜிம்மி என்றால் அது அநேகமாக வேலை செய்யாத ஜிம்மி.

மாற்றிய இன்ஜின் குற்றமில்லை. மாற்றியதை மறைப்பதுதான் குற்றம். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று நடக்கிறது. எங்கோ ஒரு களஞ்சியத்தில் போர் முழுக்க நின்றிருக்கக்கூடிய லாரிக்கு ரெட் பால் அடையாளம் எழுதுவது, நார்மண்டியில் முதல் வாரமே இறங்கியது என்று கதை கட்டுவது. ஒரு தனி லாரி எந்தப் படைப்பிரிவில் ஓடியது என்பதற்குக் காகிதம் கிடைப்பது மிக அரிது. பம்பரில் பழைய பூச்சுக்கு அடியில் பிரிவின் எண் தெரிந்தாலோ, எண் தெளிவாகத் தெரிகிற புகைப்படம் கிடைத்தாலோ ஒழிய உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு பிரிவின் நினைவாக அதன் அடையாளத்தை எழுதிக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் இது நினைவுக்காக எழுதியது என்று லாரிக்கென்று வைத்திருக்கும் ஏட்டில் பதிந்துவைக்க வேண்டும். தகடு தொலைந்துபோய்ப் புதிதாகச் செய்து மாட்டினால், செய்த ஆண்டை அதன் பின்பக்கம் பொறித்துவிடுங்கள். செத்துப்போன ஓட்டுநர்களின் உழைப்பை இல்லாத இடத்தில் ஒட்டி விலை ஏற்றுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இனி பராமரிப்பு. இதற்கு வழிகாட்டி ராணுவமே எழுதி வைத்திருக்கிறது. 1944-இல் வந்த டி.எம். 9-801 என்ற கையேடு இந்த லாரிக்கென்றே ஆனது. ஓட்டுநர் தினமும் என்ன பார்க்க வேண்டும் என்பதிலிருந்து அதில் தொடங்கும். கையேட்டைப் படிக்காதவர்களுக்காக ஆர்மி மோட்டார்ஸ் என்ற இதழில் வில் ஐஸ்னர் என்ற புகழ்பெற்ற ஓவியர் படக்கதையாகவே வரைந்தார். ஜோ டோப் என்ற கவனக்குறைவான சிப்பாய் வண்டியைக் கெடுத்துக்கொண்டே இருப்பான். எப்படிக் கெடுக்கக் கூடாது என்று படிக்கிறவன் கற்றுக்கொள்வான்.

நான் முதலில் பிரேக்கைச் சொல்வேன். ஆறு சக்கர இடங்களுக்கும் ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர். எங்காவது ஒரு குழாய் துருப்பிடித்து ஒழுகினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் போய்விடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம் வீல் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கும். கொட்டகையில் சும்மா நிற்கிற லாரிக்குத்தான் இது அதிகம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆயிலைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. டிரம்மைத் திறந்ததும் காற்றடித்து ஊதும் பழக்கம் நம் பட்டறைகளிலும் இருக்கிறது. அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. நனைத்துத் துடைத்தெடுக்க வேண்டும்.

அடுத்து சக்கரம். லாக் ரிங் போட்ட ரிம். டியூபுக்குக் காற்று ஏற்றும்போது வளையம் சரியாக உட்காரவில்லை என்றால் அது தெறித்து ஆளைக் கொன்றுவிடும். நம் ஊர்ப் பஞ்சர் கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று ஏற்ற வேண்டும். துருவில் அரித்த வளையம் எவ்வளவு அசலாக இருந்தாலும் எறிந்துவிட வேண்டும். அசல் பொருளைக் கண்ணைப் போலக் காக்கச் சொல்கிற நானே இங்கே மட்டும் தயங்காமல் இதைச் சொல்கிறேன்.

ஆக்சில் எண்ணெயைச் சொட்டு எடுத்துப் பாருங்கள். வெளுத்துத் திரிந்திருந்தால் உள்ளே தண்ணீர். முன் ஆக்சிலின் இரு முனையிலும் சக்கரம் திரும்பவும் சுழலவும் குண்டுகள் வைத்த மூட்டு உண்டு. அங்கே கிரீஸ் குறைந்தால் தேய்மானம் வேகமாக ஏறும். காய்ந்த தார்ச்சாலையில் முன் ஆக்சிலை இணைத்துவிட்டு ஓட்டக் கூடாது. சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி கியர்கள்தான் அடி வாங்கும். மின்சாரம் ஆறு வோல்ட்தான். செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பேட்டரியைத் திட்டுவதற்கு முன் எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பெட்ரோலில் இப்போது எத்தனால் கலக்கிறார்கள். 1940-களின் ரப்பர் அதைத் தாங்காது. எரிபொருள் பம்பின் டயஃபிராமை எத்தனால் தாங்கும் பொருளில் மாற்றுவதே நல்லது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது, ஆனால் ஏட்டில் எழுதிவிட வேண்டும். டாஷ்போர்டில் உள்ள எச்சரிக்கைத் தகடு மணிக்கு 45 மைலுக்கு மேல் போகாதே என்கிறது, அதாவது 72 கிலோமீட்டர். அதையும் மதியுங்கள். கியர் மாற்ற டபுள் கிளட்ச் போடத் தெரிந்த பழைய லாரி ஓட்டுநர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பாதிக் கவலை தீரும்.

நம் நாட்டிலும் இப்படி ஒரு லாரி உண்டு. ஜெர்மனியின் மேன் நிறுவனத்தின் உரிமத்தில் ஜபல்பூரில் 1950-களின் இறுதியிலிருந்து செய்த சக்திமான். மலைப்பாதைகளிலும் எல்லையிலும் பல பத்தாண்டுகள் உழைத்து, நம் சென்னையின் அசோக் லேலண்ட் நிறுவனத்தின் ஸ்டாலியனுக்கு இடம் விட்டது. ஏலத்தில் போன சக்திமான்களில் ஒன்று உங்கள் ஊரில் எங்காவது நிற்கலாம். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, பெயின்ட் அடிக்கிறவர் வருவதற்கு முன், தகடுகளையும் சேஸ் எண்ணையும் பம்பரையும் புகைப்படம் எடுத்து வையுங்கள். அதை ஓட்டிய முன்னாள் ராணுவ ஓட்டுநர்கள் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். எந்தப் பிரிவு, எந்த ஆண்டு, எந்தச் சாலை என்று அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.