காமன் கிரீடத்துக்கு மறுவர்ணம்



மாசி நெருங்குகிறது. அமாவாசை கழிந்ததும் காமன் நடுவார்கள். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத் தோட்டங்களில் சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்து இன்னும் உயிரோடு இருக்கிற லயங்களில், பரணில் கிடந்த சாக்கு மூட்டை இப்போது கீழே இறங்கும். உள்ளே சிவனுக்கும் மன்மதனுக்கும் ரதிக்கும் உரிய கிரீடங்கள், புஜக்கட்டைகள். தப்பு மேளத்தைப் பற்றிப் பேசுகிறோம், பாட்டைப் பற்றிப் பேசுகிறோம். கிரீடத்துக்கு மறுபடி வர்ணம் பூசுகிறவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அந்த ஈரம் பரணையும் விடாது. மரம் ஊதும், காயும்போது வெடிக்கும். கோதுமை மாப் பசையில் ஒட்டிய தாளைப் பூச்சி அரிக்கும். கண்ணாடிச் சில்லுகள் கழன்றுவிடும். நல்லவேளையாக, தையின் கடைசி நாட்கள் நம் பக்கத்தில் மழை குறைந்தவை. பெயிண்ட் காய அதுதான் தோதான நேரம்.

தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் கிரீடத்தைக் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள். எடை குறைவு, உளிக்கு இளகும். நம் தேயிலைக்கு நிழல் மரமாக நட்ட முள்முருங்கையும் அதே பேரினத்து மரந்தான். இப்போது மரத்தின் இடத்தை அட்டையும் ரிஜிபோமும் பிடித்துவிட்டன. இங்கேதான் கவனம் வேண்டும். ரிஜிபோம்மேல் ஸ்பிரே பெயிண்டை நேரே அடித்தால் அது கரைந்து குழி குழியாகிவிடும். பசையில் தோய்த்த பத்திரிகைத் தாளை இரண்டு மூன்று சுற்று ஒட்டி, நன்றாகக் காயவைத்து, சுவருக்குப் பூசும் எமல்ஷனை ஒரு கை கொடுத்த பிறகே மற்ற வர்ணம்.

பழைய மரக் கிரீடமானால் முழுவதையும் சுரண்டாதீர்கள். உரிந்து நிற்பதை மட்டும் எடுங்கள். பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். வெடிப்புக்கு மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கலாம். வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிடுங்கள். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சு நிற்கும். கண்ணாடிச் சில்லுகள்மேல் துளி வாசலின் தடவிவிட்டால், சிந்தும் பெயிண்டைத் துணியால் துடைத்துவிடலாம்.

ஒரே தங்க நிற ஸ்பிரேயில் வேலையை முடிப்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. பழைய எனாமல்மேல் அது சுருங்கவும் கூடும். அதைவிடப் பெரிய நட்டம் வேறு. சிவப்பும் நீலமும் பச்சையும் பிரித்துக் காட்டிய பூவும் இதழும் இராத்திரி வெளிச்சத்தில் ஒரே மஞ்சளாகிவிடும். வர்ணத்தைப் பகலில் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். இருட்டியதும் ஒருவர் தலையில் வைத்து, சனம் உட்காரும் தூரத்திலிருந்து பாருங்கள். சிவன் நெற்றிக்கண் திறக்கும் நேரத்தில் ஆட்டக்காரர் தலையைத் திருப்பும்போது சில்லுகள் மின்ன வேண்டும்.

தலையில் அணிவதற்கு வர்ணம் பூசிப் பேணுவது நம் கூத்தில் மட்டுமல்ல. 1977இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் சிப்பாய்த் தலைக்கவசத்தை உலகெங்கும் ரசிகர்கள் நகலெடுத்து, தேய்த்து, வர்ணம் பூசி அணிகிறார்கள். அந்தக் கவசம் சிற்பமா என்ற வழக்கு பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வரை போனது. அது சிற்பமல்ல, படம் எடுக்கப் பயன்பட்ட பொருள் என்று 2011இல் தீர்ப்பானது. காமன் கிரீடமும் கூத்தில் புழங்குகிற பொருள்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டுவதைவிட, ஆண்டுதோறும் பழுது பார்த்துத் தலையில் ஏற்றுவதே அதற்குச் சரியான பாதுகாப்பு.

தோட்டத்துத் தம்பி தங்கைகளே, இந்த மாசிக்காகத் தூரிகையைத் தொடுமுன் கிரீடத்தை நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். எந்த இடத்துக்கு எந்த வர்ணம் என்று உங்கள் கூத்து வாத்தியாரிடம் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.