இரண்டு துணிவுகள்



துணிவு என்ற சொல்லை நாம் எல்லோருக்கும் ஒரே அளவில் வழங்குவதில்லை. 2006ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒன்றும் எங்கள் ஊரில் ஒன்றுமாக நடந்த இரு சம்பவங்களை நான் அருகருகே வைத்துப் பார்ப்பதுண்டு.

செப்டெம்பர் 20இல், 'டொப் கியர்' தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஜெட் இயந்திரம் பூட்டிய காரை ஓட்டிய அறிவிப்பாளர் றிச்சர்ட் ஹமண்ட், மணிக்கு 460 கிலோமீற்றர் வேகத்தில் டயர் வெடித்துப் படுகாயமடைந்தார். வேகத்தை விளையாட்டாக்கலாமா என்று சிலர் கண்டித்தனர். இரசிகர்களோ அவரை ஏற்றிச் சென்ற ஹெலிகொப்டர் அம்புலன்ஸ் சேவைக்கு 2 இலட்சம் பவுணுக்கு மேல் அள்ளிக் கொடுத்தனர். அவர் பிழைத்தார். 2007 ஜனவரியில் அந்த விபத்துக் காட்சியையே பி.பி.சி. ஒளிபரப்பியது.

இனி எங்கள் ஊர். 2006 ஜனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்ததாகச் சொன்னார்கள். 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள், அவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்று காட்டின. ஜனவரி 24 காலை அவர் இந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

பொழுதுபோக்குக்காக ஆபத்தை ஏற்றவரை ஊர் உலகமெல்லாம் சுகம் விசாரித்தது. அதில் பிழையில்லை. உண்மைக்காக ஆபத்தை ஏற்றவரைப் பற்றியோ, "அவருக்கேன் இந்த வேண்டாத வேலை?" என்று தாழ்ந்த குரலில் கேட்பது நம் வழக்கம். குரலைத் தாழ்த்தியது பயம். பயந்தவரை நான் குறைகூறேன். ஆனால் பயம் விலகிய பின்பும் அதே கேள்வியையே கேட்போமானால், அது நன்றி மறத்தல்.