வண்டி நின்றுவிட்டால் நாம் எங்கே நிற்பது?

2023 செப்டம்பர் 11, விடியற்காலை. தர்மஸ்தலா போய்த் திரும்பிய வேன் ஒன்று, நம்ம நாட்றம்பள்ளி பக்கம் பெங்களூர் – சென்னை ரோட்டில் பஞ்சராகி நின்றது. அலுப்பில் எல்லோரும் இறங்கி, வேனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த லாரி வேனில் மோதியது. ஆம்பூர் பக்கத்துப் பெண்கள் 7 பேர் இறந்துபோனார்கள். அவங்க இடத்தில் நாமும் அப்படித்தான் உட்கார்ந்திருப்போம்.

மேல்மருவத்தூர், திருப்பதி என்று நாமும் வேன் பிடித்துப் போகிறோமே! வண்டி நின்றால் அதன் முன்னாலும் உட்காராதீங்க, பின்னாலும் நிற்காதீங்க. ரோட்டை விட்டே விலகி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. நாலு இண்டிகேட்டரையும் போட்டு, முக்கோணப் பலகையைத் தள்ளி வைக்க டிரைவர் தம்பியிடம் சொல்லுங்க. உதவிக்கு 1033. அவர் கண் சொருகினால், டீக்கடையில் நிறுத்தச் சொல்லக் கூச்சப்படாதீங்க. வாடகை கொடுக்கிறது நாமதானே!