நம் ரத்தத்தில் ஓடும் காவலர்கள்

(சங்கத்தின் பொன்விழா ஆண்டையொட்டி நடந்த குடும்ப நல நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





"நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, இதய நோய் மூன்றையும் தடுக்கும் என்சைம் இருக்கிறதாமே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அவர் ஏன் கேட்டார் என்பது எனக்குப் புரிகிறது. இந்த மூன்று நோய்க்கும் ஒரே புட்டியில் மருந்து என்ற விளம்பரம் வாட்ஸ்அப்பில் வராத வீடு இல்லை. அதை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்து, பலதுறை மருந்தகத்தில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களை ஒரு மருந்தாளர் என்ற முறையில் நான் அடிக்கடி பார்க்கிறேன். அப்படிப்பட்ட என்சைம்கள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் அவை புட்டியில் இல்லை. நம் ரத்தத்தில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றிய முக்கியமான ஆய்வு இதே சிங்கப்பூரில், நம்மைப் போன்றவர்களின் ரத்தத்தை வைத்தே நடந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில், நமக்கு ஏன் இது தேவை? 1959ஆம் ஆண்டு 'அமெரிக்கன் ஹார்ட் ஜர்னல்' என்ற மருத்துவ இதழில் சிங்கப்பூரைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்களில் முதன்மையானவர் டி.ஜே. தனராஜ். பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்துக்கு முதல் தலைவராக இருந்தவர். 1950 முதல் 1954 வரை இங்கே செய்யப்பட்ட 9,568 பிரேதப் பரிசோதனைகளின் பதிவுகளை அவர் குழுவினர் புரட்டிப் பார்த்தார்கள். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் அடைப்பு, சீனர்களைவிட இந்தியர்களிடம் ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அது எந்தக் காலம் என்று பாருங்கள். நம் பாட்டன்மார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியும், தேக்காவில் தலைச்சுமையாக வியாபாரம் செய்தும் வாழ்ந்த காலம். உட்கார்ந்து தின்று கொழுத்தவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது.

நீரிழிவிலும் இதே நிலைதான். 2010ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, இங்குள்ள பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் சீனர்களில் 9.7 விழுக்காடு, மலாய்க்காரர்களில் 16.6 விழுக்காடு, இந்தியர்களில் 17.2 விழுக்காடு. 2016இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் 'போர்' என்றே அறிவித்தது.

இப்போது என்சைமுக்கு வருவோம். தமிழில் நொதி என்போம். உடம்புக்குள் ஒரு வேதி வேலையை வேகமாகச் செய்து முடிக்கும் புரதம் அது. சோற்றைச் சர்க்கரையாக உடைப்பது ஒரு நொதி, இறைச்சியைக் கரைப்பது இன்னொன்று. இவை போக, காவல் வேலை பார்க்கும் நொதிகளும் உண்டு. நாம் மூச்சு விடும் ஆக்ஸிஜனிலிருந்தே சில துடுக்கான துகள்கள் உடம்புக்குள் உண்டாகி, தொட்டதையெல்லாம் கெடுக்கும். இரும்பு துருப்பிடிப்பது போலத்தான். 1969இல் அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தின் மெக்கார்ட், ஃபிரிடோவிச் என்ற இருவர், அந்தத் துகளை அடக்குவதற்கென்றே உடம்பில் ஒரு நொதி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகுதான் இந்தத் துறையே சூடுபிடித்தது.

நான் சொல்ல வந்த காவலாளியின் பெயர் பாராக்சோனேஸ். பெயரைக் கேட்டால் பூச்சிமருந்து மாதிரி இருக்கிறதா? காரணம் உண்டு. பாரத்தியான் என்ற பூச்சிமருந்து உடம்புக்குள் போனால் பாராக்சான் என்ற கொடிய நஞ்சாக மாறும். ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதை உடைக்கிறது என்று 1953இல் ஆல்ட்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் விளக்கினார். நஞ்சின் பெயரையே நொதிக்கும் வைத்துவிட்டார்கள். ஆனால் அல்லாஹ் மனிதனைப் படைத்தபோது பூச்சிமருந்து ஏது? அப்படியானால் இந்த நொதிக்கு வேறு என்ன வேலை?

பதில் கிடைக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. ரத்தப் பரிசோதனைத் தாளில் எல்டிஎல், எச்டிஎல் என்று இரண்டு கொழுப்புகள் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்டிஎல் கெட்டது என்கிறோம். அது மேலே சொன்ன 'துரு' ஏறும்போதுதான் இன்னும் ஆபத்தாகிறது. துரு ஏறிய எல்டிஎல்லைத் தின்ற வெள்ளணுக்கள் ரத்தக் குழாயின் சுவரில் தங்கி, காலப்போக்கில் அடைப்பாகின்றன. கல்லீரலில் உருவாகும் பாராக்சோனேஸ், நல்ல கொழுப்பான எச்டிஎல்லின் மேல் ஏறிச் சவாரி செய்கிறது. எல்டிஎல்லில் துரு ஏறாமல் தடுக்க அது உதவுகிறது என்று 1991இல் மான்செஸ்டரில் மேக்னஸ் குழுவினர் காட்டினார்கள். 1998இல் லாஸ் ஏஞ்சலிஸில் இந்த நொதியே இல்லாத எலிகளை உருவாக்கிக் கொழுப்பு உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் ரத்தக் குழாய்களில் மற்ற எலிகளைவிட அதிகமாகக் கொழுப்பு படிந்தது.

இந்த இடத்தில்தான் சிங்கப்பூர் வருகிறது. பாராக்சோனேஸ் என்பது 355 மணிகள் கோத்த ஒரு மாலை. அதில் 192ஆவது மணி சிலருக்கு ஒரு விதமாகவும் சிலருக்கு வேறு விதமாகவும் இருக்கும். பெற்றோரிடமிருந்து வருவது அது. அந்த நாளில் ஏ வகை, பி வகை என்று அழைத்தார்கள். பி வகை பூச்சிமருந்தை வேகமாக உடைக்கும். ஆனால் எல்டிஎல்லைக் காப்பதில் அது ஏ வகைக்குச் சற்றுப் பின்தங்கியது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் பின்னர் காட்டின. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் தரம்பீர் சங்கேரா, இல்யாஸ் காம்போ ஆகியோரும், இங்கே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த சாஹாவும் சேர்ந்து, இங்குள்ள இந்திய, சீன இதய நோயாளிகளின் ரத்தத்தையும் நோயில்லாதவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். 1997இல் முடிவு வெளிவந்தது. இந்தியர்களிடையே, இதய நோய் உள்ளவர்களுக்குப் பி வகை கூடுதலாக இருந்தது. சீனர்களிடையே அப்படி ஒரு தொடர்பே தெரியவில்லை. இன்னொரு வேடிக்கை: பி வகை பொதுவாக இந்தியர்களைவிடச் சீனர்களிடம்தான் அதிகம்!

யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு மணிதான் காரணம் என்றால், சீனர்களுக்கல்லவா மாரடைப்பு அதிகம் வர வேண்டும்? ஆகவே 'எங்கள் வம்சமே இப்படித்தான், அத்தாவுக்கும் வந்தது, எனக்கும் வரும்' என்று கையை விரித்துவிடுவதற்கு இந்த ஆய்வில் இடமில்லை. 2004இல் 'லான்செட்' இதழில் 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், இந்த மணிக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது என்றே தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வேல்ஸ் நாட்டில் கேர்ஃபிலி என்ற ஊரின் ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. நொதி எந்த வகை என்பதைவிட, அது எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம் என்று அது காட்டியது. சுறுசுறுப்பு குறைந்தவர்களுக்கே மாரடைப்பு அதிகம் வந்தது.

அந்தச் சுறுசுறுப்பை எது குறைக்கிறது? நீரிழிவு குறைக்கிறது. நீரிழிவு உள்ளவர்களின் ரத்தத்தில் இந்த நொதி மந்தமாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நீரிழிவும் இதய நோயும் ஒரே வீட்டில் குடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சிகரெட் குறைக்கிறது. மூன்றாவது ஒன்றைத் தாய்மார்கள் மட்டுமல்ல, சமையற்கட்டில் நிற்கும் ஆண்களும் கேட்க வேண்டும். 1999இல் நியூசிலாந்தில், திரும்பத் திரும்பப் பொரித்த எண்ணெயில் செய்த உணவை ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்தார்கள். நான்கு மணி நேரத்தில் நொதியின் வேகம் குறைந்தது. புது எண்ணெயில் செய்த உணவால் அப்படிக் குறையவில்லை. நோன்பு திறக்கும் நேரத்தில் வடையும் சமோசாவும் பொரித்த எண்ணெயை வடிகட்டி மறுநாளுக்கு வைப்பது நமக்குச் சிக்கனமாகத் தெரிகிறது. நோன்புக் கஞ்சியை நான் குறை சொல்லவில்லை. டன்லப் ஸ்ட்ரீட் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் கஞ்சிக்கு என்னைவிட நல்ல ரசிகர் இருக்க முடியாது. கஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள தட்டைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ரத்தக் கொதிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே அண்ணன் தம்பி போல இரண்டு நொதிகள். ஏசிஇ என்ற அண்ணன், ரத்தக் குழாயை இறுக்கும் பொருளை உண்டாக்குகிறான். 2000ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட தம்பி ஏசிஇ-2, அதே பொருளை உடைத்துக் குழாயைத் தளர்த்துகிறான். உங்களில் பலர் சாப்பிடும் எனலாப்ரில், லிசினோப்ரில் மாத்திரைகள் அண்ணனின் கையைக் கட்டுகிறவை. அந்த மாத்திரைக் குடும்பம் பிறந்ததே பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததால்தான். 2020இல் கொவிட் கிருமி நம் உடம்புக்குள் நுழையும் வாசல் இந்தத் தம்பிதான் என்று செய்தி வந்ததும், பயந்துபோய் மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. பிரேசிலில் மருத்துவமனையில் சேர்ந்த 659 கொவிட் நோயாளிகளைப் பிரித்துச் சோதித்தார்கள். மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை.

சரி, புட்டிக்கு வருவோம். என்சைம் என்பது புரதம் என்றேன். ஆட்டிறைச்சியும் புரதம்தான். வயிற்றுக்குள் போனால் இரண்டுக்கும் ஒரே கதி: கரைந்துவிடும். கணையம் பழுதானவர்களுக்கு மருத்துவர் கொடுக்கும் என்சைம் மாத்திரை உண்டு. அது அமிலத்தில் கரையாத உறை போட்டது. குடலுக்குள்ளேயே உணவைச் செரிக்க வைப்பது அதன் வேலை. பாராக்சோனேஸ் கல்லீரலில் பிறந்து எச்டிஎல்லில் ஏற வேண்டியது. அதைக் கடையில் வாங்க முடியாது.

வைட்டமின் மாத்திரையால் துருவைத் தடுக்கலாமே என்றால், அதையும் பார்த்துவிட்டார்கள். 2002இல் பிரிட்டனில் 20,536 பேரிடம் நடந்த ஆய்வு முடிவு வந்தது. ஐந்தாண்டுகள் வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த பலன் பூஜ்யம். அதே ஆய்வில் சிம்வாஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தன. பலதுறை மருந்தகத்தில் வாங்கி வந்து பலர் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்களே, அதே மாத்திரைதான்.

மாதுளையைப் பற்றி யாராவது கேட்பார்கள். குர்ஆனில் சொல்லப்பட்ட பழம். சாறு குடித்த ஆரோக்கியமான ஆண்களிடம் இந்த நொதியின் வேகம் கூடியதாக 2000இல் ஒரு சிறு ஆய்வும் வந்தது. ஆனால் நொதியின் வேகம் கூடுவது வேறு, மாரடைப்பு குறைவது வேறு. பழமாகச் சாப்பிடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் பெட்டியில் வரும் சாற்றை வாங்குமுன் அதிலுள்ள சர்க்கரை அளவைப் படியுங்கள்.

இன்னொன்றையும் இந்தச் சபையில் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். 1997 ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவர்கள் யார் யார் என்று நமக்குத் தெரியாது. அவர்களில் தேக்காவில் கடை வைத்திருந்தவர்களும் இருந்திருக்கலாம். அவர்கள் கையை நீட்டியிருக்காவிட்டால், மான்செஸ்டர்க்காரர்களையும் லாஸ் ஏஞ்சலிஸ் எலிகளையும் வைத்தே நம்மைப் பற்றி முடிவு கட்டியிருப்பார்கள். பின்னர் எஸ்ஜி100கே என்ற பெயரில் ஒரு லட்சம் சிங்கப்பூர்வாசிகளை இலக்காகக் கொண்டு பெரிய ஆய்வு தொடங்கப்பட்டது. இந்தியர்கள் இந்நாட்டு மக்களில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இது போன்ற ஆய்வுக்கு அழைப்பு வந்தால், 'எதற்கு வீண் வம்பு' என்று கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படியுங்கள். சந்தேகம் இருந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள். உரை முடிந்ததும் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன். மாத்திரைப் பையைக் கையோடு கொண்டுவந்தவர்கள் முதலில் வரலாம்.