அரிசி அளவும் சோற்றளவும்: உணவைப் பற்றிய சில சொல்லாராய்ச்சிகள்



மொழியியல் பயின்றவர்க்குச் சோற்றை அளப்பதில் என்ன வேலை என்று இவ்வுரையின் தலைப்பைக் கண்டோர் வினவக்கூடும். மருத்துவமும் உணவியலும் எம் துறையல்ல. எனினும், எவ்வளவு உண்ணவேண்டும் என்னும் அறிவுரை மருத்துவரிடமிருந்து அடுக்களைக்குச் சொல் வழியாகவே செல்கிறது. அச்சொல் இடையில் பிழைபட்டால் தட்டிலும் பிழைபடும். யாம் இன்று பேச விழைவது அந்தச் சொல்லைப் பற்றியே.

நோயும் தட்டும்

நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களைத் தனியே எடுத்து நோக்கின் அது 31.4 விழுக்காடு. திருமணப் பந்தியில் பத்துப் பேர் அமர்ந்தால் அவர்களுள் மூவர்க்கு இந்நோய் உண்டு என்பது இதன் பொருள். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாக இறங்கியது. ஆயினும் இந்தியரிடையேதான் அது இன்னும் மிகுதி. ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ தெலுக் இந்தானிலோ 'இனிப்பு நீர்' என்னும் பெயரைக் கேட்டறியாத தமிழ் வீடு அரிது.

உணவைச் செம்மைப்படுத்த அமைச்சு எளியதொரு வழியைப் பரப்பி வருகிறது. அதன் மலாய்ப் பெயர் 'சுக்கு சுக்கு செப்பாரோ'. தமிழ்ச் செவிக்கு இது சுக்குக் கஷாயம் போல் ஒலிக்கலாம். ஆனால், மலாயில் சுக்கு என்பது கால் பங்கு. செப்பாரோ என்பது அரைப் பங்கு. தட்டின் கால் பங்கு சோறு முதலிய மாவுப்பொருள். இன்னொரு கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு போன்றவை. எஞ்சிய அரைப் பங்கு காய்கறியும் பழமும்.

இதனைத் தமிழில் 'கால், கால், அரை' என்று மூன்றே சொற்களில் சொல்லிவிடலாம். கால், அரை, முக்கால், அரைக்கால், வீசம் என்று பின்னங்களுக்கெல்லாம் தனிப்பெயர் வைத்த மொழி நம்முடையது. நாற்கால் விலங்குக்கு ஒரு கால் நான்கில் ஒன்று. அதனால் உறுப்பின் பெயரே பங்கின் பெயரும் ஆயிற்று. வடமொழியிலும் பாதம் என்பது காலையும் நாலில் ஒன்றையும் குறிக்கும். இத்தகைய சொற்செல்வம் உடைய நாம் சோற்றின் அளவைச் சொல்ல மட்டும் 'கொஞ்சம்' என்றும் 'நிறைய' என்றும் இரண்டே சொற்களோடு நிற்கிறோம்.

நாழியும் நாடுரியும்

பண்டைத் தமிழர் இப்படி நின்றவரல்லர். அளவுப் பெயரும் நிறைப் பெயரும் எவ்வெழுத்துகளில் தொடங்கும் என்பதற்கே தொல்காப்பியம் ஒரு நூற்பாவை ஒதுக்கி, ஒன்பது எழுத்துகளைக் குறிக்கிறது. கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என உரையாசிரியர் காட்டும் அளவுப் பெயர்களுள் பல, சமையற்கட்டில் புழங்கிய ஏனங்களின் பெயர்களே. நாழியோடு உரி என்னும் சொல் சேர்ந்தால் 'நாடுரி' ஆகும் என்று தனி விதியும் உண்டு. நாடுரி என்பது ஒன்றரை நாழி. ஒரு சொற்புணர்ச்சிக்குத் தனி விதி வகுக்கவேண்டுமாயின், அச்சொல் மக்கள் நாவில் எவ்வளவு புழங்கியிருக்கவேண்டும்!

வாய்பாடும் எளிது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் இறைவன் பெயரால் 'ஆடவல்லான்' என்று வழங்கிய மரக்காலைக் காண்கிறோம். திருவமுதுக்கு வேண்டிய அரிசியும் நெய்யும் பிறவும் நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு என்று நுணுக்கமாகக் கல்லில் பொறிக்கப்பட்டன. அங்கே அளவு என்பது கஞ்சத்தனம் அன்று. எவரும் குறைக்கவோ கூட்டவோ இயலாத அறம்.

எனினும், பழைய அளவை அப்படியே மீட்டால் போதும் என்று கருதலாகாது. அரசனாயினும் வேட்டுவனாயினும் உண்பது ஒரு நாழியே என்னும் கருத்தை நக்கீரனார் புறநானூற்றில் பாடினார். பிற்கால வாய்பாட்டின்படி நாழி ஏறத்தாழ 1.3 லிட்டர். அவ்வளவு அரிசியை இன்று ஒருவர் ஒரு நாளில் உண்பது எளிதன்று. அளவைகள் ஊர்க்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறின. பட்டணம் படி வேறு, சின்னப்படி வேறு. சொல் நிலைத்தாலும் கலம் மாறும் என்பதை மொழி பயில்வோர் மறத்தலாகாது.

தோட்டத்தில் அளந்தவர் யார்?

இனி நம் பேராக் மாநிலத்துக்கு வருவோம். 1877இல் ரப்பர்க் கன்றுகள் கோலகங்சாருக்கு வந்தன. அடுத்த அரை நூற்றாண்டில் ரப்பர்க் காடுகள் பரந்தன. அவற்றோடு தமிழர் லயங்களும் பரந்தன. தோட்டத்தில் எல்லாம் அளக்கப்பட்டது. வெட்டிய மரங்கள் எண்ணப்பட்டன. வாளியில் சுமந்து வந்த பால் நிறுக்கப்பட்டது. போருக்கு முந்திய காலத்தில் இந்தியக் குடியேற்றக் குழு கூலியை வரையறுத்தபோது, தொழிலாளியின் அரிசி முதலான செலவுப் பட்டியலைக் கொண்டே கணக்கிட்டது. அளவுகோல் என்றும் பிறர் கையில் இருந்தது. 'படியளப்பவர்' என்று நம் மக்கள் முதலாளியையும் கடவுளையும் ஒரே சொல்லால் குறித்ததன் பொருள் இங்கே விளங்கும்.

அதன்பின் சப்பானியர் ஆட்சி வந்தது. அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே பலர்க்கு உணவாயிற்று. அப்பசியைக் கண்ட தலைமுறை, தட்டு நிறையச் சோறு இடுவதையே அன்பு என்று தன் மக்களுக்குக் கற்பித்தது. 'அளந்து போடுகிறாள்' என்பது மருமகளைக் குறைகூறும் சொல்லாயிற்று. அந்த உணர்வை நாம் எள்ளி நகையாடலாகாது. அது பட்டினியின் வரலாறு.

ஆனால், அந்தத் தட்டு விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு நின்று, நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, பால் சுமந்த உடலுக்கு உரியது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறின. மக்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற இடங்களுக்குப் பெயர்ந்தனர். வாகனம் ஓட்டுவோராகவும், காவலராகவும், அலுவலகத்தில் அமர்ந்து பணிபுரிவோராகவும் ஆயினர். உழைப்பின் அளவு மாறியது. சோற்றின் அளவு மாறவில்லை.

நம் நாட்டில் தமிழ் அளவைகளின் இடத்தை மலாய் அளவைகள் பிடித்தன. அரிசிக்குக் காந்தாங்கும் சுப்பாக்கும். மீனுக்கும் காய்க்கும் காத்தியும் தாயிலும். நான்கு சுப்பாக் ஒரு காந்தாங். பதினாறு தாயில் ஒரு காத்தி. ஒரு காத்தி ஏறத்தாழ 605 கிராம். 1972ஆம் ஆண்டு நிறுத்தல் அளத்தல் சட்டத்தின் பின்னர் கிலோவும் லிட்டரும் வந்தன. இதற்கிடையே வீடுகளில் அரிசி அளந்தது வெற்றுப் பால் டின். மூன்று வேற்று அளவைகள் கடந்துபோன வழியில் உழக்கும் ஆழாக்கும் நழுவி விழுந்தன. கலம் போனது, பின்னர்ச் சொல்லும் போனது. சொல் போனதால்தான் நோய் வந்தது என்று யாம் கூறவில்லை. அது பிழையான வாதம். நோயைத் தடுக்கச் சொல்லும் அறிவுரை தங்குவதற்கு இடம் இல்லாமற் போயிற்று என்பதே எம் கருத்து.

ஒரு கப் ரைஸ்

அறிவுரை எவ்வாறு இடந்தவறுகிறது என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். தமிழில் வயலில் விளைவது நெல், உமி நீங்கினால் அரிசி, வெந்தால் சோறு. மலாயிலும் பாடி, பெராஸ், நாசி என மூன்று சொற்கள். ஆங்கிலமோ மூன்றையும் பெரும்பாலும் 'ரைஸ்' என்னும் ஒரே சொல்லில் அடக்குகிறது. இப்போது ஒரு நோயாளியிடம் 'ஒரு வேளைக்கு ஒரு கப் ரைஸ்' என்று சொல்லப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சொல்பவர் கருதுவது சோறு. வீட்டுக்குச் சென்றவரோ அரிசியைத்தான் கப்பில் அளப்பார். ஏனெனில் நம் அடுக்களையில் அளக்கப்படுவது என்றும் அரிசியே. சோற்றை அள்ளுவோம், அளப்பதில்லை.

மின்சோற்றுப் பானையோடு வரும் சிறு குவளை 180 மில்லிலிட்டர் கொள்ளும். அதில் ஏறத்தாழ 150 கிராம் அரிசி பிடிக்கும். வெந்தபின் எடை இரு மடங்கையும் கடந்துவிடும். ஆகவே 'ரைஸ்' என்ற ஒரு சொல்லின் மயக்கத்தால், உண்ணவேண்டிய அளவு இரட்டித்துவிடக்கூடும். அறிவுரையைக் கேட்டு நடந்தவரே அதனை மீறியவர் ஆகிவிடுகிறார். இங்கே குற்றம் நாவின் சுவையில் இல்லை, மொழிபெயர்ப்பில் உள்ளது. 'அரை ஆழாக்கு அரிசி' என்றோ, 'ஒரு கிண்ணம் சோறு' என்றோ சொல்லியிருப்பின் இம்மயக்கத்துக்கு இடமே இல்லை.

அந்தக் குவளையைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அது 'கோ' என்னும் சப்பானிய அளவை. நம் ஆழாக்கு, நாழியில் எட்டில் ஒன்று. மேற்சொன்ன வாய்பாட்டின்படி 160 முதல் 170 மில்லிலிட்டர். இரண்டுக்கும் இடையே ஒரு மேசைக்கரண்டி அளவுதான் வேறுபாடு. தொலைந்துபோன ஆழாக்கு ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் அரிசிப் பானைக்குள் பிளாஸ்டிக் உருவில் கிடக்கிறது. அதற்கு நாம் பெயர் சொல்லி அழைக்கவில்லை, அவ்வளவே.

தேநீர்க் கடை தரும் பாடம்

அளவுச் சொல் இருந்தால் மக்கள் அதனைப் பயன்படுத்துவரா என்று ஐயுறுவோர்க்கு நம் தேநீர்க் கடையே விடை. 'தே' என்றால் கெட்டிப்பால் சேர்ந்தது; 'தே ஓ' என்றால் பாலின்றிச் சீனி மட்டும்; 'தே ஓ கோசோங்' என்றால் சீனியும் இல்லை; 'கூராங் மானிஸ்' என்றால் இனிப்புக் குறைவு. எழுதப் படிக்கத் தெரியாத முதியவரும் இந்நான்கையும் பிழையின்றிக் கையாள்கிறார். சொல் கூர்மையாக இருப்பதால் வேண்டியது கிடைக்கிறது. வாழையிலைச் சோற்றுக் கடையிலோ 'போதும்' என்று கைகாட்டும் வரை சோறு வந்துகொண்டே இருக்கிறது. போதும் என்பது அளவுச் சொல் அன்று. அளவு கடந்தபின் எழும் குரல்.

கலமே அளவாக நின்றதற்கு ஈப்போவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புந்தோங்கில் எட்டயபுரத்து வழிவந்தோர் குடியேறிய கச்சாங் பூத்தே கம்பத்தின் கடலை வகைகள் நாடறிந்தவை. முன்னாளில் அவை காகிதச் சுருளில் விற்கப்பட்டன. சுருள் தீர்ந்தால் தின்பதும் தீர்ந்தது. இன்று பெரிய பொட்டலத்திலும் புட்டியிலும் கிடைக்கும் அதே கடலைக்கு இயல்பான முடிவு இல்லை. முடிவை நாமே வைக்கவேண்டும்.

நாம் செய்யத்தக்கன

ஆசிரியப் பெருமக்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, அரிசியையும் சோற்றையும் வேறுபடுத்திச் சொல்லும் பழக்கத்தை வகுப்பறையில் காத்து நிற்றல். 'ரைஸ்' என்று மாணவர் சொல்லுமிடத்தில் எது என்று கேளுங்கள். இரண்டாவது, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி என்னும் வாய்பாட்டை மனனப் பகுதியாக மட்டும் நிறுத்தாது, குவளையும் நீரும் தராசும் கொண்டு அளந்து காட்டல். ஒரு குவளை அரிசியை நிறுத்து, அது வெந்தபின் மீண்டும் நிறுத்துப் பார்த்த மாணவர் அப்பாடத்தை மறவார். மூன்றாவது, 'கால், கால், அரை' என்னும் தொடரைத் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச் சாலைச் சுவரில் எழுதிவைத்தல்.

மாணவர்களுக்கு ஒன்று. உங்கள் பாட்டிமாரிடம் சிட்டிகை, கைப்பிடி, சிறங்கை ஆகியவற்றின் அளவைக் கேட்டு, அவர்கள் கையாலேயே அள்ளச் செய்து நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவும், காய்கறியும் பழமும் 400 கிராமுக்குக் குறையாமலும் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. எத்தனை சிட்டிகை 5 கிராம், எத்தனை கைப்பிடி 400 கிராம் என்று உங்கள் வீட்டுக் கணக்கில் சொல்ல முடிந்தால், அதுவே நல்ல கள ஆய்வு. நீரிழிவு உடையோர்க்கு உரிய அளவை மருத்துவரும் உணவியலாளருமே வரையறுக்கவேண்டும். அவர்கள் சொன்ன அளவை வீட்டு ஏனத்தின் பெயரால் தாய்மொழியில் பெயர்த்துத் தருவது உங்கள் பணி.

மொழி மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். கலைச்சொல்லாக்கம் என்றதும் கணினியும் விண்வெளியுமே நம் நினைவுக்கு வருகின்றன. மருத்துவமனைகளிலும் சிற்றூர் மருந்தகங்களிலும் தமிழ் நோயாளிக்குத் தரத்தக்க ஒரு பக்க அளவுச் சொற்பட்டியலை உணவியலாளர்களுடன் அமர்ந்து ஆக்கித் தருவோமாயின், அது நம் கலைச்சொல்லாக்கத்துள் மிகுந்த பயனுடையதாகும்.

'மருந்து' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணச் சொன்னார். அளவறிதல் என்பது உண்பவர் தாமே செய்யவேண்டிய செயல். தோட்டத்தில் நம் முன்னோர்க்குப் பிறர் படியளந்தனர். இன்று படி நம் கையில் இருக்கிறது. நம் மக்களின் உடல்நலம் கருதி, அதனைப் பெயர் சொல்லி எடுத்து நாமே அளப்போம்.