ஒரே கரும்பலகையின் முன்



உயர்தரத்தில் உயிரியற் பிரிவுக்குப் போன அன்றே நாங்கள் கணிதத்துக்கு விடைகொடுத்துவிட்டோம். உண்மையைச் சொன்னால், சந்தோஷத்தோடுதான். பக்கத்து வகுப்பில் இணைந்த கணிதம் படித்த தோழிகளின் வழி வேறு, எங்கள் வழி வேறு என்றே நினைத்திருந்தோம்.

மலேரியாவின் கதை அப்படியல்ல. 1897இல் நுளம்பின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்ட் ரொஸ் ஒரு வைத்தியர். எல்லா நுளம்புகளையும் ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தாலே நோய் அடங்கிவிடும் என்று சமன்பாடுகளால் காட்டியவரும் அவரே. அவரோடு சியராலியோனுக்குச் சென்ற மக்கென்ட்ரிக்கும் வைத்தியர்தான். ஆய்வுகூட வெடிவிபத்தில் பார்வை இழந்த கேர்மாக் என்ற இரசாயனவியலாளரோடு சேர்ந்து அவர் 1927இல் வெளியிட்ட கட்டுரையே, கொவிட் காலத்தில் நாம் பார்த்துப் பயந்த வளைகோடுகளுக்கு அடிப்படை.

இப்படியான கூட்டுகளைத் தற்செயலுக்கு விடாமல் ஒரு பயிற்சியாகவே நடத்துகிறார்கள். 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் அலன் ரெய்லரும் லெஸ்லி பொக்ஸும் அதைத் தொடங்கினார்கள். திங்கட்கிழமை தொழிற்சாலைக்காரர் தங்கள் சிக்கலைச் சொல்வார்கள். பேராசிரியர்களும் பட்டப்பின் மாணவர்களும் குழுக்களாகக் கரும்பலகையின் முன் கூடுவார்கள். வெள்ளிக்கிழமை, கண்டது என்ன, முடியாமற் போனது என்ன என்று சொல்ல வேண்டும். சிக்கலைக் கொண்டுவந்தவரும் வாரம் முழுவதும் கூடவே இருப்பார். எங்களுக்கு மிகவும் பிடித்தது அதுதான். 2000ஆம் ஆண்டிலிருந்து மருத்துவத்துக்கென்றே பிரித்தானியாவில் இத்தகைய கூட்டங்கள் நடந்திருக்கின்றன.

அந்தக் 'கூடவே இருத்தலின்' பெறுமதியை நாங்கள் பிந்தித்தான் அறிந்தோம். பிரயோக கணிதத்தில் முதுமாணிப் பட்டத்துக்குப் படித்த ஒரு பிள்ளை, டெங்கு நோயாளரின் தரவு கேட்டு எங்கள் விடுதிக்கு வந்தாள். அனுமதி எல்லாம் முறைப்படி எடுத்திருந்தாள். நாங்களோ அவசரத்தில், பெயர்கள் நீக்கிய அட்டவணைகளைக் கொடுத்து அனுப்பிவிட்டோம். ஆறு மாதம் கழித்து அழகான வரைபுகளோடு வந்தாள். முதற் பக்கத்திலேயே பிழை. நோயாளி அனுமதிக்கப்பட்ட நாளையே காய்ச்சல் தொடங்கிய நாளாக எடுத்திருந்தாள். எங்களிடம் பலர் வருவது மூன்றாம், நான்காம் நாளில். வைத்தியருக்கு இது சொல்லத் தேவையில்லாத விஷயம். அவளுக்கு யார் சொல்வது? ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த ஆறு மாதம் வீணாகியிராது. பிழை அவளுடையதல்ல, எங்களுடையது.

அவள் அழவில்லை. "அப்ப, டொக்டர், முதலாம் நாள் எண்டு எதை எடுக்கிறது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எங்களுக்கே ஒரு மாலை முழுவதும் தேவைப்பட்டது. இப்போது வியாழக்கிழமைகளில் கிளினிக் முடிந்ததும் வருகிறாள்.

இந்த நூற்றாண்டு ஆண்டில் எங்கள் வகுப்புத் தோழிகள் கேட்பது ஒரு சனிக்கிழமை மட்டுமே. இணைந்த கணிதம் படிக்கும் மாணவிகளோடு வைத்தியர், பொறியியலாளர், வங்கி அலுவலர், கமக்காரர் எல்லோரும் ஒரே வகுப்பறையில் இருக்க வேண்டும். வரும் அக்காமார் தீர்க்க முடியாத ஒரு சிக்கலைக் கொண்டுவாருங்கள். மதியத்தோடு எழுந்து போய்விடாதீர்கள். எங்களில் எட்டுப் பேர் ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறோம்.