முதல் பக்கத்தை வெட்டாதே

அவைத்தலைவர் அவர்களே, தோபிகானா சலவைக்கூடத்தில் இஸ்திரி வேலையை முடித்துக்கொண்டு நேரே வந்திருக்கிற பெரியவர்களே, பின்வரிசையில் நிற்கிற மலையாளத்துச் சேட்டன்மாரே!

எனக்குத் தந்த தலைப்பு 'இணையமும் மின்னூலும்'. நான் வெப்சைட் செய்து பிழைக்கிறவன். தலைப்பைத் தந்த தம்பி, "அண்ணே, யாரும் தூங்காம பாத்துக்குங்க" என்றார். பார்த்துக்கொள்கிறேன்.

இந்த இடக்கொச்சியிலே பஸ் ஏறுங்கள். பள்ளுருத்தி, தோப்பும்படி தாண்டிப் போனால் கொச்சிக்கோட்டை. 1579 நவம்பரில் 'கிரிசித்தியானி வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகம் அச்சேறிய ஊர் இந்தக் கொச்சி! முந்தின வருஷம் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', 16 பக்கம். அப்போது சென்னப்பட்டணமே கிடையாது. அங்கே வெள்ளைக்காரன் கோட்டை கட்ட இன்னும் 60 வருஷம் இருக்கிறது. இங்கே தமிழ் எழுத்து மை பூசிக்கொண்டு நிற்கிறது! தட்டுங்கள், இதற்குத் தட்டலாம்.

புத்தகத்தைத் தந்த அண்டிரிக் பாதிரியார் பெயர் வரலாற்றில் நிற்கிறது. நிற்கட்டும். அந்த எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடவலம் மாற்றிக் கோத்தானே ஒருத்தன், அவன் பெயர் எங்கே? அவன்தான் இன்றைக்கு என் கதாநாயகன்.

1998 பொங்கலுக்கு அவன் மறுபடி வந்தான். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். பழைய தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்ற வேண்டும், கூலி கிடையாது. ஊர் ஊராக, நாடு நாடாக ஆட்கள் ஆபீஸ் முடிந்து வந்து இராத்திரியில் தட்டினார்களே, அவர்கள் எல்லாம் அவன்தான்.

அந்தக் காலத்து எழுத்துருக் கூத்து தெரியுமா? ஒருத்தன் பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்து அனுப்புவான். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி! சிரிக்கிறீர்கள். யூனிகோடு வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. இன்றைக்கும் எனக்கு வருகிற பிடிஎஃப்பில் பாதி இந்த அரைப்புள்ளித் தமிழ்தான். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடினால் ஒரு சொல் அகப்படாது.

மின்னூலில் மாயம் ஒன்றும் இல்லை. ஒரு இ-பப் கோப்பைப் பிரித்துப் பாருங்கள். நான் தினமும் செய்கிற அதே எச்டிஎம்எல் பக்கங்கள், கொஞ்சம் சிஎஸ்எஸ், ஒரு பொருளடக்கம், எல்லாவற்றையும் ஜிப்பில் கட்டி வைத்திருக்கும். பாட்டி எழுத்தைப் பெரிசாக்கினால் வரி தானாக மடங்கிக்கொள்ளும். பிடிஎஃப் என்றால் ஒவ்வொரு வரிக்கும் விரலால் இழுத்து இழுத்து, பாவம், அவர் சாமி கும்பிடவே போய்விடுவார்.

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். மதுரைத் திட்டத்து நூல் ஒவ்வொன்றின் தலையிலும் அடித்தவர் பெயர், பிழை திருத்தியவர் பெயர் இருக்கும். யாருக்கு வேண்டுமானாலும் கொடு, இந்த முகப்புப் பக்கத்தை மட்டும் வெட்டாதே என்பது அவர்கள் கேட்ட ஒரே கூலி. சிலர் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அதுவும் அவர்களுக்கு விளம்பரம். முதல் வேலையாக அந்தப் பக்கத்தை வெட்டுவார்கள். மேலே தன் போட்டோ, நடுவே லோன் விளம்பரம், கீழே 'தமிழுக்கு எங்கள் கொடை'! ஐயா கொடையாளியே, அடித்தவன் 'ள'வுக்குப் பதில் 'ல' போட்டிருந்தானே, அதையாவது திருத்தினீரா? பெயரைத் துடைத்தவர் பிழையைத் துடைக்கவில்லை. திருடிய வீட்டில் கைரேகையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்!

போதும், போதும், தட்டியது போதும். தலைவர் மணியைப் பார்க்கிறார்.

உங்கள் சங்கத்து மலர்களை மின்னூலாக்கித் தருகிறேன், பைசா வேண்டாம். ஒரே நிபந்தனை. உட்கார்ந்து அடித்த பிள்ளைகள் பெயர் முதல் பக்கத்தில் வர வேண்டும், தலைவர் படத்துக்கும் முன்னாலே! தலைவர் சிரிக்கிறார். சம்மதம் என்றே எழுதிக்கொள்ளுங்கள், செயலாளர்.